தவறான மரத்தடியில் குரைப்பது: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பொருளும் பயன்பாடும்

தவறு செய்வதைப் பற்றி ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர்களுள் அடிக்கடி கண்ணில் படுவதும், நம் மாணவர்கள் அடிக்கடி இடம் மாற்றிப் பயன்படுத்துவதும் 'பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்பதாகும். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'தவறான மரத்தை அண்ணாந்து பார்த்துக் குரைத்துக்கொண்டிருப்பது' என்று வரும். ஒருவர் ஒரு பொருளைத் தேடுகிறார், அல்லது ஒரு கேள்விக்கு விடை காண முயல்கிறார், அல்லது ஒரு காரியத்தை முடித்துத் தருமாறு இன்னொருவரிடம் கேட்கிறார். அவருடைய உழைப்பில் குறையில்லை. ஆனால் தேடும் பொருள் அந்த இடத்தில் இல்லை, விடை அந்தத் திசையில் இல்லை, காரியத்தை முடிக்கும் அதிகாரம் அந்த மனிதரிடம் இல்லை. இந்த நிலையைத்தான் இத்தொடர் குறிக்கிறது.

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பகுதிகளில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டு மாநிலங்களின் அலுவலகங்களும் ஆவணங்களும் மொழிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எல்லைப்புறம் இது. முறையான முயற்சியை முறையல்லாத வாசலில் செலவழித்துவிட்டுத் திரும்பி வருவது இங்கே அன்றாடம் நடப்பதால், இத்தொடரின் உட்பொருளைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு லண்டன் நகரத்து எடுத்துக்காட்டுகள் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் தொடர் பிறந்த இடம் அமெரிக்கக் காடு. அந்தக் காட்டை அறியாமல் இதைக் கற்பவர்கள் பொருளை மனப்பாடம் செய்துகொள்வார்களே தவிர, எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தாமாகத் தீர்மானிக்கும் நிலைக்கு வரமாட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'பார்க்' என்ற ஒரே எழுத்துக்கூட்டலுக்கு நாய் குரைப்பது என்றும் பொருள் உண்டு, மரப்பட்டை என்றும் பொருள் உண்டு. தொடரின் கடைசியில் மரம் வருவதால், இது ஏதோ பட்டை உரிப்பதைப் பற்றிய பேச்சு என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். தமிழ் எழுத்தில் எழுதும்போது வண்டி நிறுத்தும் 'பார்க்கிங்' வேறு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தே வேறு என்பதால் அங்கே அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. இத்தொடரில் இருப்பது நாயின் குரைப்பு மட்டுமே. நாய் என்ற சொல் தொடரில் எங்கும் வராவிட்டாலும், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அந்த நாய் சொல்லாமலே விளங்கும்.

வட அமெரிக்காவுக்கே உரிய விலங்கு ரக்கூன். பூனையைவிடச் சற்றுப் பருத்த உடலும், கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும், வளையம் வளையமாகக் கோடு விழுந்த தடித்த வாலும் கொண்டது. பகலில் மரப்பொந்துகளில் உறங்கிவிட்டு இரவில் இரை தேடி இறங்கும். இதன் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் அந்நாட்டில் குடியேறிய மக்கள் இதை வேட்டையாடினார்கள். விலங்கு இரவில்தான் வெளியே வரும் என்பதால் வேட்டையும் இரவில்தான் நடக்கும். காட்டு இருட்டில் மனிதனின் கண் பயன்படாது. ஆகவே வேட்டையின் பெரும்பகுதியை மோப்பத்தில் தேர்ந்த நாய்களே செய்தன. இதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட நாய்களைக் கூன்ஹவுண்ட் என்று அழைக்கிறார்கள். அவற்றுள் ஓர் இனத்தின் பெயரிலேயே மரம் இருக்கிறது: 'ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்ட்'. மரம் என்ற பெயர்ச்சொல்லையே வினையாக்கி, விலங்கை மரத்தின்மேல் ஏற்றிவிட்டுக் கீழே காவல் நிற்பதை 'ட்ரீ' செய்வது என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்.

வேட்டை நடக்கும் விதம் இதுதான். நாய்களை அவிழ்த்துவிட்டதும் அவை தரையில் மோப்பம் பிடித்து ஓடும். தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவற்றின் குரல் நீண்டு இழுபடும். துரத்தப்பட்ட ரக்கூன் தப்பிக்க ஒரு மரத்தில் ஏறிவிடும். தடம் மரத்தடியில் முடிந்ததைக் கண்ட நாய், முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி, தலையை மேலே தூக்கி, இப்போது விட்டுவிட்டு, வேகமாக, ஒரே இடத்தில் நின்று குரைக்கத் தொடங்கும். எங்கோ தொலைவில் விளக்கோடு நிற்கும் வேட்டைக்காரன் இந்தக் குரல் மாற்றத்தைக் கேட்டே விலங்கு மரமேறிவிட்டது என்று தெரிந்துகொள்வான். பிறகு ஓடைகளையும் முட்புதர்களையும் கடந்து அந்த மரத்தைத் தேடி வருவான். அவன் கண்ணால் எதையும் பார்த்திருக்கமாட்டான். நாயின் குரலை நம்பியே அவ்வளவு தூரம் நடக்கிறான்.

ரக்கூன் அவ்வளவு எளிதில் அகப்படுகிற விலங்கன்று. ஏறிய மரத்திலேயே தங்காமல், கிளை வழியாக அடுத்த மரத்துக்குத் தாவி, இருட்டோடு இருட்டாக வேறெங்கோ இறங்கிப் போய்விடுவதும் உண்டு. ஆனால் முதல் மரத்தின் அடியில் அதன் வாடை அப்படியே இருக்கும். நாய்க்கு அந்த வாடை போதும். அது அந்த மரத்தை விட்டு அசையாமல், தொண்டை கம்மும்வரை குரைத்துக்கொண்டிருக்கும். வேட்டைக்காரன் வந்து சேர்ந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கிளை கிளையாகத் தேடி, ஒன்றுமில்லை என்று உணரும்போது இரவில் பாதி கழிந்திருக்கும்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அந்த நாய் சோம்பல்பட்ட நாயன்று. அதன் மோப்பமும் பொய்யன்று. ரக்கூன் உண்மையிலேயே அந்த மரத்துக்கு வந்துதான் போயிருக்கிறது. தடத்தைத் தொடர்ந்தது சரி, மரத்தைக் கண்டது சரி, விடாமல் நின்றதும் சரி. 'வாடை இங்கே இருக்கிறது, ஆகவே விலங்கும் இங்கே இருக்கிறது' என்று எடுத்த கடைசி முடிவு ஒன்றுதான் பிழை. அந்த ஒரு பிழையால் அதற்கு முன் செய்த அத்தனை சரியான செயல்களும் வீணாகின்றன. அக்கறையின்மையால் நேரும் தவறுகளை இத்தொடர் தொடுவதே இல்லை. முனைப்பும் ஓரளவு நியாயமும் உள்ள ஒருவர், தொடக்க அனுமானம் ஒன்று பிசகியதால் வழி தவறிப்போவதையே இது பேசுகிறது. இவ்வளவு நுட்பமான ஒரு வேறுபாட்டை ஐந்து சிறு சொற்களில் அடக்கியிருப்பதால்தான் இத்தொடரை நான் மிகவும் மதிக்கிறேன்.

1830-களில் அமெரிக்க நூல்களில் இத்தொடர் இன்றைய உருவகப் பொருளிலேயே அச்சாகத் தொடங்கிவிட்டது. டென்னசி மாநிலத்து வேட்டைக்காரராக இருந்து அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் போன டேவிட் கிராக்கெட்டைப் பற்றிய அக்கால எழுத்துகளிலும் இது காணப்படுகிறது. பிறகு கடல் கடந்து பிரிட்டனுக்குப் போய், இன்று ரக்கூனைக் கண்ணால் கண்டிராத நாடுகளின் செய்தித்தாள்களிலும் சாதாரணமாக வருகிறது.

இனி எந்தத் தவறுக்கு இது பொருந்தும் என்று பார்ப்போம். தேர்வுத்தாளில் ஓர் எழுத்தை விட்டு எழுதிவிட்டால் அது பிழைதான். ஆனால் அதற்கு இத்தொடர் பொருந்தாது. சாம்பாரில் உப்பு கூடிப்போனாலும், கொல்லம் பேருந்தைத் தவறவிட்டாலும், கடைசித் தேதி முடிந்தபின் விண்ணப்பம் கொடுத்தாலும் பொருந்தாது. இவற்றில் தேடல் இல்லை. யாரோ ஒருவர் எதையோ நாடிப் போக வேண்டும், அந்த நாட்டத்தில் நேரமும் உழைப்பும் செலவாக வேண்டும், நாடிய பொருள் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இவை சேர்ந்து அமைந்தால்தான் தொடர் இயல்பாக ஒலிக்கும். அந்த வேறோர் இடம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரக்கூன் உலகத்திலேயே இல்லாமல் போய்விடவில்லை; அது பக்கத்து மரத்தில் இருக்கிறது. அதுபோல இத்தொடரைச் சொல்கிறவர், சரியான விடை எங்கோ இருக்கிறது, நீ நிற்கும் இடத்தில்தான் இல்லை என்ற குறிப்பையும் சேர்த்தே சொல்கிறார்.

நம் ஊர்ப்பக்கம் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டுகளை ரயில்வே தருகிறது. புனலூர் கேரளத்தில், கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள ரயில் நிலையத்தின் நடைமேடையைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ மனு எழுத நினைக்கும் ஒருவர், கேரளத்து நிலையம் ஆயிற்றே என்று திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துக்கு எழுதுவது இயற்கை. ஆனால் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து செல்லும் அந்தப் பாதையில் புனலூர் நிலையம் தென்னக ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. இதற்கு நேர்மாறாக, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் நாகர்கோவில் சந்திப்பு திருவனந்தபுரம் கோட்டத்தின்கீழ் வருகிறது. மாநில எல்லையை வைத்து ரயில்வே எல்லையை ஊகிக்கிறவர் இரண்டு ஊர்களிலும் ஏமாந்துபோவார். விவரம் தெரிந்த ஒருவர் அவரைப் பார்த்து, 'அண்ணாச்சி, புனலூர் டேஷன் விஷயத்துக்குத் திருவனந்தபுரத்துக்கு எழுதி என்ன செய்ய? மதுரைக்கில்லா எழுதணும்' என்று சொன்னால், ஆங்கிலத்தில் 'யூ ஆர் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்பதன் முழுப்பொருளும் அந்தப் பேச்சில் வந்துவிடுகிறது. மனு எழுதியவர்மேல் குற்றமில்லை. குறை உண்மையானது, கேட்கும் உரிமையும் உண்மையானது, மாநிலத்தை வைத்து அவர் செய்த ஊகத்திலும் ஒரு நியாயம் இருந்தது. முகவரி ஒன்றுதான் பிசகு.

கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே வகையான ஊகத்தைக் காணலாம். முல்லைப் பெரியாறு அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். ஆகவே அதன் மதகுகளை இயக்குவதும் கேரள அரசாகவே இருக்கும் என்று புதிதாக அந்தப் பக்கம் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அணையைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத்துறை. தேனி மாவட்ட வயல்களுக்குத் தண்ணீர் திறக்கும் நாளை அறிய விரும்பும் ஒருவர், அணை நிற்கும் மண்ணை வைத்து இடுக்கி மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தால் அதற்கும் இத்தொடர் பொருந்தும்.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்கும் முன், 1949 வரை, திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவிலுள்ள தென்காசியோ பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர்; திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவருடைய அரசுப் பணியைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர் ஒருவர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய், சென்னை மாகாண வனத்துறைக் கோப்புகளைப் புரட்டத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது: கொலை நடந்த மண் சென்னை மாகாணத்து மண், சுடப்பட்டவர் அந்த மாகாணத்து அதிகாரி, வழக்கு நடந்ததும் அங்கேயே. வாடை அந்த மரத்தடியில் பலமாகவே வீசுகிறது. ஆனால் வாஞ்சிநாதனுக்குச் சம்பளம் கொடுத்த அரசு வேறு. அந்த அரசின் பழைய கோப்புகளுக்கு உரிய இடம் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகம். எத்தனை நாள் உட்கார்ந்து படித்தாலும், எழும்பூரில் உள்ள மாகாண வனத்துறைப் பட்டியலில் ஒரு திருவிதாங்கூர் ஊழியரின் பெயரைத் தேடுவது பயன் தராது. நாயும் ரக்கூனும் உள்ள அந்தப் பழைய காட்சியோடு இந்த எடுத்துக்காட்டு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாகிறது.

பழைய பத்திரங்களில் வரும் ஆண்டுக் கணக்கும் இப்படித்தான். திருவிதாங்கூர் ஆவணம் ஒன்றில் 1105 என்று ஆண்டு எழுதியிருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1929-30. தமிழ்நாட்டு வருவாய்த்துறைப் பழக்கத்தில் வளர்ந்தவர் அதைப் பசலி ஆண்டு என்று எடுத்துக்கொண்டு 590-ஐக் கூட்டினால், விடை பதினேழாம் நூற்றாண்டின் கடைசிக்குப் போய் நிற்கும். அந்த நூற்றாண்டில் அந்தச் சொத்துக்கு உரியவர் யார் என்று அவர் தேடத் தொடங்கிவிட்டால் இத்தொடர் அவருக்குப் பொருந்தும். கூட்டலில் பிழை செய்தவரை, பிழை செய்தார் என்ற அளவோடு விட்டுவிட வேண்டும். அந்தப் பிழையான விடையை நம்பி ஒரு தேடலில் இறங்கியவரைப் பற்றித்தான் மரத்தடியில் குரைப்பதாகச் சொல்ல முடியும். இந்த எல்லைக்கோட்டை மாணவர்கள் நன்றாகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

காரணம் தேடுவதும் ஒருவகைத் தேடலே என்பதால் அறிவியல் பேச்சிலும் இத்தொடர் நிறைய வருகிறது. குற்றாலத்தில் சாரல் காலம் தென்மேற்குப் பருவக்காற்றைச் சார்ந்தது. ஜூன் தொடங்கி வீசும் அந்தக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கும்போதுதான் அருவிகளுக்கு மேலே சாரல் விழுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை என்பதால், குற்றாலத்துச் சாரல் தள்ளிப்போனதற்கும் அந்த மழையின் குறைவிலேயே காரணம் கண்டுபிடிக்க முயலும் ஒருவரை ஆங்கிலம் எழுதும் வானிலையாளர் இத்தொடரால்தான் சுட்டுவார்.

இலக்கணத்துக்கு வருவோம். இத்தொடர் பெரும்பாலும் தொடர்வினையில் வரும். 'இஸ் பார்க்கிங்', 'ஆர் பார்க்கிங்', 'வாஸ் பார்க்கிங்' என்பனவே இயல்பான வடிவங்கள். செயல் நீண்டுகொண்டிருக்கிறது என்ற உணர்வு பொருளுக்குத் தேவைப்படுவதே காரணம். 'ஹி பார்க்ட் அப் தி ராங் ட்ரீ' என்று இறந்தகாலத்தில் முடித்துச் சொல்வது இலக்கணப் பிழையன்று என்றாலும் அரிதாகவே காதில் விழும். மரத்தைச் செயப்படுபொருளாக முன்னே கொண்டுவந்து செயப்பாட்டு வினையாக மாற்றினால் தொடர் குலைந்துவிடும். மரபுத்தொடர்களை அப்படித் திருப்பிப் போடக்கூடாது. 'அப்' என்ற சிறுசொல்லை விட்டுவிடுவதும், அதற்குப் பதிலாக 'அட்' அல்லது 'ஆன்' போடுவதும் நம் பிள்ளைகள் செய்யும் வழக்கமான பிழைகள். அடிமரத்தில் நின்று மேல்நோக்கிக் குரைக்கும் நாயை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டால் அந்த 'அப்' மறக்காது. அதுபோலவே, 'எ ராங் ட்ரீ' என்று சொல்லாமல் 'தி ராங் ட்ரீ' என்றே சொல்ல வேண்டும். ஆட்கள் பலராக இருந்தாலும் மரம் ஒருமையிலேயே நிற்கும்: 'தே ஆர் ஆல் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ'.

வாக்கிய அமைப்பில் ஒரு நிபந்தனைத் துணைவாக்கியம் முன்னால் வருவது மிகுந்த வழக்கு. 'இஃப் யூ திங்க் ஐ டுக் யுவர் புக், யூ ஆர் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்றால், 'புத்தகத்தை எடுத்தது நான்தான் என்று நினைத்தால் நீ ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறாய்' என்று பொருள். குற்றச்சாட்டை மறுப்பதற்கும் கடன் கேட்டு வந்தவரை விலக்குவதற்கும் இந்த அமைப்புப் பயன்படுகிறது. கடனுக்கு வந்தவரிடம் இதைச் சொன்னால், என்னிடம் பணம் கேட்டுப் பயனில்லை என்று தெரிவித்ததாக ஆகும். குற்றப் புலனாய்வுச் செய்திகளில் 'தி போலீஸ் வேர் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்று வந்தால், உண்மைக் குற்றவாளியை விட்டு வேறொருவரைச் சந்தேகித்து விசாரணை நீண்டுகொண்டிருந்தது என்று கொள்ள வேண்டும்.

இதன் தொனியைப் பற்றி நம் மக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் ஒருவரைப் பார்த்துக் 'குரைக்கிறாய்' என்று சொல்வது கடும் வசவு. ஆங்கிலத்தில் இத்தொடருக்குள் இருக்கும் குரைப்புக்கு அந்த வசவுத் தன்மை கிடையாது. கேட்பவர் தம்மை நாய் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைப்பதில்லை. ஆகவே ஆங்கிலம் பேசும் மேலாளர் ஒருவர் கூட்டத்தில் இதைச் சொன்னால் நாம் மனம் புண்படத் தேவையில்லை. அதே சமயம், ஆங்கிலத்திலும் நேருக்கு நேர் 'நீ' என்று முன்னிலையில் சொன்னால் சற்று வெட்டிப் பேசுவதுபோல ஒலிக்கும். மூத்தவர்களிடமோ புதியவர்களிடமோ சொல்ல நேர்ந்தால், 'ஐ திங்க் வி மே பி பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு, ஒருவேளை என்ற தயக்கத்தோடு சொல்வது பண்பான முறை. தமிழில் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் குரைப்பையும் மரத்தையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. 'அவர்கள் தேடும் இடத்தில் விடை இல்லை', 'ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்' என்று அந்தந்த இடத்துக்கு ஏற்பச் சொல்லிவிட்டால் போதும்.

யானையைத் தொலைத்தவன் குடத்துக்குள் கைவிட்டுத் தேடினான் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு; இதற்கு நேரான தமிழ்ப் பழமொழி அதுதான் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இடம் மாறித் தேடுவது இரண்டுக்கும் பொது என்றாலும், இரண்டையும் ஒன்றாகக் கருதுவதை நான் ஏற்கமாட்டேன். யானை குடத்துக்குள் இருக்க முடியாது என்பது தேடுகிறவனுக்கே தெரியும். பறிகொடுத்த பதற்றம் அவனை அங்கேயும் கைவிட வைக்கிறது. மரத்தடியில் நிற்கும் நாய்க்குப் பதற்றம் இல்லை. விலங்கு மேலேதான் இருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு அது நிற்கிறது.

ஆங்கிலத்திலேயே இதற்கு அண்டை அயலாக இருக்கும் தொடர்களைப் பிரித்தறிவதும் அவசியம். 'வைல்ட் கூஸ் சேஸ்' என்பது காட்டு வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது. எவ்வளவு ஓடினாலும் கையில் அகப்படாத ஒன்றின் பின்னால் அலைவதை அது குறிக்கும். பல சமயம் இன்னொருவர் தந்த பொய்த் தகவலால் அந்த அலைச்சல் நேர்கிறது. இல்லாத அலுவலகம் ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருவரைக் கொல்லத்துக்கு அனுப்பிவிட்டால் அது 'வைல்ட் கூஸ் சேஸ்'. உள்ள அலுவலகத்தை விட்டு வேறோர் அலுவலகத்தில் அவராகவே போய் நின்றால் அது தவறான மரம். 'நீடில் இன் எ ஹேஸ்டாக்' என்ற வைக்கோற்போர் ஊசியில் இடம் சரிதான், கண்டெடுப்பதுதான் அரிது. சரியான காப்பகத்தில், சரியான கட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு தாளைத் தேடும் ஆய்வாளருக்கு இதுவே பொருத்தம். 'ஃப்ளாகிங் எ டெட் ஹார்ஸ்' என்ற செத்த குதிரையை அடிக்கும் தொடர், முடிந்துபோன விவகாரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவதைச் சொல்கிறது. 'டிராப் தி பால்' பொறுப்பைக் கைநழுவ விட்டதையும், 'புட் யுவர் ஃபுட் இன் யுவர் மவுத்' சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு விழிப்பதையும் குறிப்பதால், இரண்டுக்கும் தேடலோடு தொடர்பே இல்லை.

எழுத்தில் பயன்படுத்தும்போது இடம் பார்க்க வேண்டும். செய்திக் கட்டுரை, நண்பருக்குக் கடிதம், கலந்துரையாடல், கதை ஆகியவற்றில் இது இயல்பாகப் பொருந்தும். மனு, நீதிமன்றப் பிரமாணம், அரசுக் கடிதம் ஆகியவற்றில் மரபுத்தொடரே வேண்டாம். 'இம்மனுவுக்கு உரிய அலுவலகம் இது இல்லை' என்ற பொருள்படும் நேரான ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதிவிடுவதே முறை. தேர்வில் இத்தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைக்கும்படி கேட்டிருந்தால், 'யூ ஆர் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிற பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள், ஏனெனில் பொருள் தெரிந்து எழுதியதற்கு அதில் சான்று இல்லை. தேடுகிறவர் யார், அவர் எதைத் தேடுகிறார், எங்கே போய்த் தேடுகிறார் என்ற விவரங்கள் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடும்படி, ஒரு காரணத் துணைவாக்கியத்தையோ நிபந்தனைத் துணைவாக்கியத்தையோ முன்னால் சேர்த்து எழுத வேண்டும்.